மணி அடிக்கும் நாள்

ஒசாகாவில் கொதிக்கும் ஆகஸ்ட் மாதம். கட்டடத்தின் மின்சாரப் பயன்பாடு எல்லை தாண்டினால் அலறும் மணி, அன்றும் அலறியது.

"மறுபடியுமா? மாடியில எவனோ ஏசியைக் கூட்டி வெச்சிருக்கான்," என்று கூட்ட ஹாலில் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சீறினார் நிர்வாகி குரோய்வா.

"மாடியில இருபத்தெட்டு டிகிரிதான் சார். டை கூடக் கட்டாம, கையில விசிறியோட வேலை பாக்குறாங்க," என்றார் பராமரிப்புப் பொறியாளர் சுகிமோரி.

"அப்ப லிஃப்டை நிறுத்துங்க. நடந்து பழகட்டும்."

"போன வாரமே நிறுத்தியாச்சு சார்."

"பின்ன எந்த அறைதான் இப்படிக் கரண்டைக் குடிக்குது?"

"இந்த ஹால்தான் சார். உங்க மின்சிக்கனக் கூட்டத்துக்காக வாரம் ஒரு நாள் திறக்கிறோம். பதினெட்டு டிகிரி. மணியும் அன்னிக்கு மட்டும்தான் அடிக்குது."

குரோய்வா யோசித்தார்.

"நிலைமை மோசம்தான். இனிமே தினமும் கூடுவோம்."