சவாரிக்காரிகள்

"இன்னிக்குக் கேப்டன் ஒரே அடம். அவனை வேலி தாண்ட வைக்கிறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடுச்சு!" சாட்டையை மேசைமேல் போட்டுவிட்டு ஹெஸ்டர் உட்கார்ந்தாள். முழங்கால் வரை ஏறிய அவள் பூட்ஸில் ஈரச் சேறு அப்பியிருந்தது.

மேவிஸின் தேநீர் விடுதியில் இருந்த ஏழெட்டுப் பெண்களும் அனுதாபத்தோடு தலையாட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே கோலம்தான்: காலோடு ஒட்டிய சவாரிக் காற்சட்டை, இடுப்பைப் பிடித்த கம்பளிக் கோட்டு, உயரமான பூட்ஸ். ரொட்டி வாங்கப் போனாலும் அதுதான், பல் பிடுங்கப் போனாலும் அதுதான்.

ஹெஸ்டரின் பூட்ஸில் இருந்த சேறு அவள் வீட்டு ரோஜாத் தொட்டிச் சேறு. தினமும் காலையில் பழைய கரண்டியால் குழைத்துப் பூசிக்கொள்வாள். கேப்டன் என்ற அந்தக் குதிரையோ வெறும் குதிரைக்கொம்பு.

கணவர் போனபிறகு அவள் லண்டன் வீட்டை விற்றுவிட்டு இந்த ஊருக்குக் குடிவந்தவள். முதல் நான்கு மாதம் ஒருத்தியும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏதோ ஒரு வேகத்தில் பூட்ஸ் வாங்கி மாட்டிக்கொண்டு வந்த அன்றுதான், "வாங்க, உட்காருங்க, உங்க குதிரை பேரென்ன?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

அந்த நாற்காலிக்காக அவள் என்ன பொய்யும் சொல்லியிருப்பாள்.

கூட்டத்துக்குத் தலைவி திருமதி பெல்லிங்காம். இருபது வருடச் சவாரிக்காரி என்று பேர். அன்று விடியலிலிருந்து மழை கொட்டித் தீர்த்திருந்தும், "இப்பத்தான் குதிரைய விட்டு இறங்கி நேரா வர்றேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அவர் பூட்ஸில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அப்படி ஒரு பளபளப்பு.

கைதேர்ந்தவர்கள் மேல் சேறுகூடத் தெறிக்க அஞ்சும் போலிருக்கிறது என்று ஹெஸ்டர் பெருமூச்சு விட்டாள்.

அப்போதுதான் வாசலில் ஒரு கனைப்பு கேட்டது. கட்டறுத்துக்கொண்டு வந்த செம்பழுப்புக் குதிரை ஒன்று கண்ணை உருட்டிக்கொண்டு நின்றது. அதன் கழுத்திலிருந்து தொங்கிய கயிறு, வெளியே நிறுத்தியிருந்த குழந்தை வண்டியின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஐயோ, என் குழந்தை வண்டிக்குள்ள தூங்குது!" என்று கூட்டத்தில் இளையவளான டில்லி அலறினாள். அவளும் சவாரி உடுப்பில்தான் இருந்தாள். ஆனால் கால் நகரவில்லை. "யாராவது போய்ப் பிடிங்களேன்! அது ஓடினா வண்டியையும் இழுத்துட்டுப் போயிடுமே!"

ஒருத்திக்கு உடனே முழங்கால் வலி வந்தது. இன்னொருத்தி கையுறை கொண்டுவரவில்லை. "எனக்குப் பெட்டைக் குதிரைதான் பழக்கம்" என்றாள் மூன்றாமவள்.

"பெல்லிங்காம் மேடம், நீங்கதான் போகணும்!" என்று மேவிஸ் பதறினாள்.

கேக் அலமாரிக்குப் பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. "நானே எல்லாத்துக்கும் முந்திக்கிட்டா மத்தவங்க எப்பத்தான் பழகுறது? காலையில வேலி தாண்டினவ அவதானே. ஹெஸ்டர், போம்மா!"

எல்லாக் கண்களும் ஹெஸ்டர் பக்கம் திரும்பின. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் குதிரை ஒரு எட்டு வைத்தது, வண்டி குலுங்கியது. அவள் வெளியே ஓடினாள்.

குதிரையின் மூச்சு முகத்தில் சுட்டது. என்ன பேசுவதென்று தெரியவில்லை. படுக்கையில் கிடந்த கணவரை மருந்து குடிக்கவைத்த அதே குரல்தான் வந்தது. "அவ்வளவுதான் ராஜா, ஒரே நிமிஷம். முடிஞ்சிடும், கோவிச்சுக்காதே."

அது காதைத் திருப்பியது. அவள் குனிந்து கயிற்றை ஒரு சுற்று விடுவித்தாள், இரண்டாவது சுற்றையும் விடுவித்தாள். குளம்பு அவள் கால்மேல் இறங்கியது. உயிர் போகிற வலியிலும் கயிற்றை விடாமல், மறுகையால் வண்டியைத் தள்ளினாள். டில்லி பாய்ந்து வந்து பிடித்துக்கொண்டாள்.

குழந்தை கொட்டாவி விட்டுத் திரும்பிப் படுத்தது.

"சவாரிக்காரின்னா இவதான்!" என்று கைதட்டல் கிளம்பியது. ஹெஸ்டருக்கு அந்தக் கைதட்டல்தான் மிதிபட்ட காலைவிட அதிகமாக வலித்தது.

"போதும், நிறுத்துங்க. எனக்குக் குதிரையும் கிடையாது, கேப்டனும் கிடையாது. குதிரையைத் தொடுறதே இதுதான் முதல் தடவை. இந்தச் சேறுகூட ரோஜாத் தொட்டியில எடுத்தது."

கைதட்டல் நின்றது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் எல்லோரும் உள்ளே நழுவினார்கள். நாற்காலி போய்விட்டது என்று ஹெஸ்டருக்குப் புரிந்தது.

திருமதி பெல்லிங்காம் மட்டும் படியிறங்கி வந்தார். பத்தடி தள்ளியே நின்றுகொண்டார். வாங்கிக் கட்டிக்கொள்ள ஹெஸ்டர் தலையைக் குனிந்தாள்.

"அது... கடிக்குமா?"

"தெரியலையே, மேடம்."

"கயித்தை மட்டும் விட்டுடாதே. அப்படியே மெல்ல என் பின்னாடி நடந்து வர்றியா?"

"எங்கே?"

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்டுக்குத்தான். அது என் குதிரை!"