வெறுஞ்சுவர்

மகளிர் விடுதி அறையொன்றில் இரண்டு சுவர்கள் எதிரும் புதிருமாக நின்றன. அறைத்தோழியின் சுவரில் சீரியல் பல்பு, காகிதப் பட்டாம்பூச்சி, போட்டோ என்று திருவிழாக் கோலம். பேச்சியின் கட்டிலை ஒட்டிய சுவரிலோ மூன்று மாதமாக ஒரு காலண்டர்கூட இல்லை.

"இருக்கப்போறவளா இருந்தா ஒரு ஆணியாவது அடிச்சிருப்பா. சனி ஞாயிறு லீவுக்குக் கூட்டிட்டுப் போக இன்னிக்கு அவ அப்பா வர்றாரு. போனா திரும்ப மாட்டா, பாத்துக்கோ," என்றது கட்டிலடியில் புடைத்துக் கிடந்த அவள் பெட்டி.

"வாயை மூடு," என்றது சுவர்.

பேச்சி தினமும்போல நெற்றிப் பொட்டை எடுத்துத் தலைமாட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுக் குளிக்கப் போனாள்.

"அதையும் எடுத்துக்கிட்டுத்தான் போவா," என்றது பெட்டி.

அவள் ஈரத்தலையோடு திரும்பியதும், "அப்பா வந்தாச்சும்மா!" என்று கீழிருந்து வாட்ச்மேன் கூப்பிட்டார்.

"இந்தா வாரேன்!"

குனிந்து பெட்டியை இழுத்துக்கொண்டே, திரும்பிப் பாராமல் ஒரு கையைப் பின்னால் நீட்டினாள். விரல் தடவவில்லை, தேடவில்லை. நேரே பொட்டின்மேல் போய் நின்றது.

பெட்டி அதைப் பார்த்துவிட்டது. வாசற்படி தாண்டும்போது சுவரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டது:

"திங்கக்கிழமை எத்தன மணிக்கு வருவோம்?"