அனுமதித்த வேகம்

எண்ணூறு மீட்டர் இறுதிச் சுற்றில் அமலி எல்லோருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்தாள். அதுதான் பிரச்சினை. ஒருத்தி வருடத்துக்கு எவ்வளவு முன்னேறலாம் என்பதைத் தடகளச் சங்கத்தின் கணினி முன்கூட்டியே சொல்லிவிடும். அதைவிட வேகமாக ஓடினால் ஊக்கமருந்து என்று அர்த்தம், ஆயுள் தடை. ரத்தப் பரிசோதனையெல்லாம் பழைய காலத்துப் பழக்கம்.

"மெதுவாடி! பாவி, மெதுவா!" கோச் செல்வின் தொண்டை கிழியக் கத்தினார்.

கோட்டுக்கு ஓரடி முன்னால் அமலி நின்றேவிட்டாள். பின்னால் காலடிச் சத்தம் நெருங்கியது. அனுமதித்த நேரம் பலகையில் வந்ததும் காலை எடுத்து வைத்தாள். மயிரிழையில் தங்கம்.

விசாரணை அறையில் அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினார். "கணினி சொன்ன நேரம் துளி பிசகல. மனுஷ உடம்பு இப்படி ஓடுமாம்மா? என்ன மருந்து?"

"நின்னேன் சார். எல்லாரும் பாத்தாங்களே."

"ஜெயிக்கிறவ எதுக்கு நிக்கணும்? பயம் இருந்தாத்தானே?"

கோச் தலையில் கை வைத்துக்கொண்டார். அமலி குனிந்து ஷூ கயிற்றை இறுக்கினாள்.

"தடை எப்ப சார் ஆரம்பம்?"

"நாளைக்குக் காலையில."

"அப்ப வாங்க கோச். சாயங்காலத்துக்குள்ள ஒரே ஒரு தடவை முழுசா ஓடிப் பாத்துடறேன்."