மூன்று நிமிடம், பத்து நொடி

வந்துவிட்டாள். கதவில் பதித்திருந்த லென்ஸில் கண்ணை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார் அவர். வெளியே அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், குட்டி நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

இன்றோடு இருபத்திரண்டு நாள். தினமும் காலை ஆறேகாலுக்கு அதே காலடிச் சத்தம், அதே நோட்டு. லிப்ட் ஓடுகிற கட்டடத்தில் வேலையற்றுப்போய் எவள் நாலு மாடி படியேறி வருவாள்?

அவர் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவர், வீடுதான் அலுவலகம். மனைவி மகளின் பிரசவத்துக்குப் போய் ஒரு மாதமாகிறது. அவள் போன கையோடு இரண்டாம் மாடியில் யாரோ பூட்டை உடைத்து, வீட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். முன்கூட்டியே ஆள் விட்டு நோட்டம் பார்த்திருப்பார்கள் என்று படிக்கட்டில் யாரோ பேசியது காதில் விழுந்ததிலிருந்து அவர் வெளியே தலைகாட்டவில்லை. விளக்குகூடப் போடுவதில்லை.

ஒற்றெழுத்து விடுபட்டாலே தூக்கம் வராத மனிதர், இதை விடுவாரா? அவள் வாசலில் நின்ற நேரத்தையெல்லாம் சிவப்பு மையால் ஒரு தாளில் எழுதிவைத்தார். முதல் நாள் மூன்று நிமிடம் பத்து நொடி. அடுத்த வாரம் ஒன்றரை நிமிடம். நேற்று இருபது நொடிதான். தொழிலில் கை தேர்ந்துகொண்டே வருகிறாள் என்று தோன்றியபோது அந்த எண்ணின் கீழ் இரண்டு கோடு போட்டார்.

போனில் மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். ஊரார் எழுதிய கதையை எல்லாம் படித்துப் படித்து மூளை குழம்பிவிட்டது என்று அவள் சிரித்தாள்.

இன்று பத்து நொடிகூட ஆகவில்லை. அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்து, நேராக லென்ஸையே பார்த்தாள். ஓரடி பின்வாங்கியவள், இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போய்விட்டாள்.

பார்த்துவிட்டாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலடிச் சத்தம் வந்தது. ஆனால் நிற்கவில்லை. ஒரே மூச்சில் ஐந்தாம் மாடியைத் தாண்டி மொட்டை மாடிக்கே போயிற்று. அங்கிருந்து தன் பால்கனிக்கு இறங்க ஒரு கயிறு போதுமே என்று நினைத்ததும் ஓடிப்போய் பால்கனிக் கதவைத் தாழிட்டார். உள்ளே கிடந்து சாவதைவிட நேரில் கேட்டுவிடுவதே மேல் என்று குடையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

இறங்கி வந்தவள் அவரைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரும்மா நீ? என் வாசல்ல நின்னு தினமும் என்ன எழுதுற?" குரல் நடுங்கியதில் அதட்டல் எடுபடவில்லை.

அவள் திக்கித் திணறிச் சொன்னாள். கீழ்த்தளத்துக்குப் புதிதாகக் குடிவந்தவள். பஸ் ஓட்டுகிறாள்; நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. சர்க்கரை ஏறிவிட்டது. மூன்று மாதம் பாடுபட்டும் எடை ஒரு கிலோ குறையவில்லை என்று டாக்டரிடம் அழுதிருக்கிறாள். எடை எந்திரத்தைத் தூக்கிப் பரணில் போடு, படியேறும்போது எங்கே மூச்சு முட்டுகிறது, அது அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு வா என்றாராம் டாக்டர். மூச்சு முட்டிய இடம் இந்த நாலாம் மாடி.

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. குடையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடித் தாளை எடுத்து வந்து நீட்டினார்.

"நானும் குறிச்சு வச்சிருக்கேம்மா. மூணு நிமிஷம் நின்ன ஆளு, நேத்து பத்து நொடி. இன்னைக்கு நிக்கவே இல்ல. எடை கிடக்குது விடு, உடம்பு நல்லாத் தேறிடுச்சு."

அவள் தாளைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்த வீட்ல யாருமே இல்ல, பூட்டின வீடுன்னு கீழ சொன்னாங்க. பூட்டின வீட்டுக்குள்ள இருந்து தினமும் ஒரு கண்ணு பாத்தா, எப்படிங்கய்யா நிப்பேன்?"