ஏணிக்கான ஜெபம்

ஞாயிறுதோறும் சபையில் ஜெபச் சீட்டுகளைப் போதகர் உரக்கப் படிப்பார். தச்சர் எட்டு வாரமாக ஒன்றையேதான் எழுதிக்கொடுத்தார்: "என் ஏணியைத் திருடிய பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனைக் கர்த்தர் மன்னிப்பாராக!"

எலக்ட்ரீஷியன் ஓடி வந்தார்.

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், என்னை மன்னிக்கிறதை நிறுத்துங்க! ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிட மாட்டேங்குறாங்க."

"ஏழெழுபது தடவை மன்னிக்கச் சொல்லி பைபிள்ல இருக்கு, தம்பி. இப்பதான் எட்டு ஆகியிருக்கு."

மறுநாளே புது ஏணியொன்று வாசலில் வந்து இறங்கியது. "சத்தியமா நான் எடுக்கலைண்ணே. இதை வெச்சுக்கிட்டு என்னை விட்டுடுங்க."

தச்சர் அதில் ஏறிப் பரணை எட்டிப் பார்த்தார். பழைய ஏணி அங்கே சொகுசாகப் படுத்திருந்தது.

"நனையக் கூடாதுன்னு நீங்கதானே மேசை மேல ஏறிச் சொருகினீங்க!" என்றாள் மனைவி. "வர்ற ஞாயிறு உண்மையை எழுதிக் கொடுத்துடுங்க."

தச்சர் அவசரமாக ஏணியிலிருந்து இறங்கினார்.

"ஐயையோ, வேண்டாம்! அப்புறம் அவன் என்னை மன்னிக்க ஆரம்பிச்சிடுவான்!"