இரண்டாவது பூட்டு

சங்க மண்டபத்துக்குள் மாலையோடு நுழைந்த பழனியப்பன் அப்படியே நின்றுவிட்டார். மேடையில் வண்டியைக் காணோம். சங்கிலி கிடந்தது. பக்கத்தில் இரண்டு பூட்டும் நசுங்கிக் கிடந்தன.

"எவன்டா உடைச்சது?"

நாற்காலி போட்டுக்கொண்டிருந்த நசீர், பெரியவர்களை அழைக்கும் பர்மிய வழக்கப்படி 'ஊ' சேர்த்து, "நானும் இப்பத்தான் வந்தேன், ஊ பழனி. பாலா தள்ளிக்கிட்டு ஓடினானாம். வாசல்ல பேசிக்கிட்டாங்க" என்றார்.

சும்மா வண்டியா அது? வெள்ளைக்காரன் காலத்தில், அலோன் துறைமுகத்தில் அடிபட்ட கூலியை ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். பாலாவின் பூட்டன் முத்திருளன் அவனை அந்தத் தள்ளுவண்டியில் போட்டுக் கொண்டுபோய், வாசலை மறித்து உட்கார்ந்தார். கதவு திறந்த பிறகுதான் எழுந்தார். அதற்குத்தான் வருஷா வருஷம் வண்டிக்கு மாலை, பேச்சு, வடை. மற்ற நாளெல்லாம் சங்கிலி. சாவி சங்கத் தலைவர் பழனியப்பனின் இடுப்பில்.

போன மாதம்தான் பாலா கேட்டான். அவருக்குப் பக்கத்து வீட்டுப் பையன்.

"மாமா, பெட்ரோல் இல்லாம டாக்ஸியே வர மாட்டேங்குது. இந்த வண்டியத் தெருவில முடியாதவங்களுக்கு விடுவோம். மண்டபத்தில ஒரு முதலுதவி ரூமும் போடுவோம்."

"தியாகச் சின்னம்டா அது. சந்தைக்குப் போற வண்டி இல்ல."

எதிர்த்த டீக்கடை கமருன்னிசாவுக்குப் பொறுக்கவில்லை. "சக்கரம்னா உருளணும், ஊ பழனி. கும்பிடறதுக்கா பண்ணினாங்க?"

அன்று சாயங்காலமே இன்னொரு பூட்டு வாங்கிப் போட்டார் மனுஷன். வீம்பு.

இப்போது விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். முன்வரிசையில் அவர் மனைவி சாந்தியின் நாற்காலி மட்டும் காலி. நெஞ்சு கரிக்கிறது என்று காலையில் சொன்னாள். சோடா குடித்துவிட்டு வந்து சேர் என்று சொல்லிவிட்டு இவர் மாலை வாங்கப் போய்விட்டார்.

வாசலில் சக்கரச் சத்தம். பாலா வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். கைலியெல்லாம் சேறு.

பழனியப்பன் பளாரென்று ஒன்று வைத்தார்.

"பூட்டன் பேரைக் கெடுக்கன்னே பொறந்தியா? என்னத்தடா ஏத்தின? வெங்காயமா, அரிசியா?"

பாலா கன்னத்தைத் தொடக்கூட இல்லை.

"சொல்லித் தொலைடா."

"போன் போட்டேன் மாமா, லைன் கிடைக்கல. சைக்கா ரிக்‌ஷாவில உட்கார வச்சுப் பார்த்தேன். சாஞ்சு சாஞ்சு விழுந்தாங்க."

"யாரு?"

பாலா அவர் கையிலிருந்த மாலையை மெல்ல வாங்கிக்கொண்டான்.

"இது அத்தைக்கு வேணும், மாமா."

பழனியப்பன் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மூச்சு இருந்துச்சு மாமா. பழைய பூட்டு ஒரே அடியில விட்டுடுச்சு. நீங்க புதுசாப் போட்டதை உடைக்கத்தான் நேரமாயிடுச்சு."