படத்தில் ஒரு முடி

“இது யாரோட முடி?”

திலக்ஷன் கேட்ட தோரணையில், அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி பிரியந்திக்குச் சுருக்கென்றது. “என் முடியெல்லாம் என் தலையிலதாங்க இருக்கு. ஒங்களுக்கு யாரு மேல சந்தேகமோ அவங்களயே கேளுங்க” என்றாள்.

அவன் கேட்டது அவளை அல்ல, மடிக்கணினியை. திரையில், போட்டிக்கு அவன் அனுப்பப்போகும் படம் இருந்தது. நேற்று மழை கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் எதிர்மலைக்கு ஓடிப்போய் எடுத்தது. விலகும் மூடுபனி, நடுவில் அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகள், அவற்றின் தகரக் கூரை, பின்னால் எழும் தேயிலை மலை. எல்லாம் அம்சமாக விழுந்த படத்தில், கூரைகளுக்கு மேலே குறுக்காக மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது.

“கெமராவுக்குள்ள முடி விழுந்திருக்கு. நிலக்ஷி தொட்டாளா?”

“புள்ள கையில குடுத்ததே நீங்கதான்.”

பெயர் அடிபட்டதும் ஐந்து வயது நிலக்ஷி போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டாள்.

ஹட்டன் கமராக் கழகத்தின் ஆண்டுப் போட்டி அது. மாலை ஐந்து மணிக்குள் படம் போய்ச் சேர வேண்டும். த்ரீவீல் ஓட்டுகிறவனுக்கு அந்தக் கழகத்தில் ஓர் இடம் கிடைத்ததே பெரிய காரியம். அதையும் போன வருடம் அவனே கெடுத்துக்கொண்டான். படத்தில் குறுக்கே போன கரண்டுக் கம்பியை அழித்து அனுப்ப, கண்டுபிடித்து, கள்ளப் படம் என்று சபையிலேயே சொல்லிவிட்டார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் அவன் காதில் கேட்கிறது. இன்னொரு முறை அப்படி நடந்தால் கழகத்தை விட்டே தூக்கிவிடுவார்கள்.

கோட்டோடு அனுப்பினால் பரிசு கிடைக்காது. அழித்து அனுப்பினால் மறுபடியும் கள்ளன் என்பார்கள். வெளியே போய் ஆற அமர யோசிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நாள்கணக்காக அடிக்கிற மழையில் கொழுந்து பறிக்கும் வேலை நின்றுபோய், ஒற்றை அறைக்குள் மூன்று பேரும் ஈரத் துணிகளும் அடுப்புப் புகையுமாக அடைந்து கிடந்தார்கள். போதாக்குறைக்கு, குடத்தோடு புறப்பட்ட பிரியந்தி வாசல் கதவோடு மல்லுக்கட்டத் தொடங்கினாள். தோளால் முட்டினாள், காலால் உதைத்தாள். அது அசையவே இல்லை.

“நேத்து லேசாத்தான் தொறந்திச்சி. இன்னைக்கி இதுக்கு என்னா கேடு வந்திச்சோ.”

“மழைக்கு பலக ஊதியிருக்கும். ஒதைக்காத. நான் சாரோட பேசணும்.”

அந்த வீட்டில் சிக்னல் கிடைப்பது கம்பி போட்ட சின்ன ஜன்னலில் மட்டும்தான். அதில் முகத்தைப் பதித்துக்கொண்டு, கழகச் செயலாளர் யோகேஸ்வரன் சாரை அழைத்தான். சட்டம் பேச அவரை மிஞ்ச ஆள் இல்லை.

“கெமராவுக்குள்ள விழுந்த தூசி, முடி எதுன்னாலும் அழிக்கலாம் தம்பி. வெளிய இருக்கிற எதையும் அழிக்கக் கூடாது.”

“முடிதான் சார். சத்தியமா.”

“சத்தியமெல்லாம் வேணாம், சாட்சி குடுங்க. முடி உள்ள இருந்தா, நீங்க எடுக்கிற எல்லாப் படத்துலயும் அதே எடத்துலதான் விழும். அப்படி இன்னொரு படத்தையும் சேர்த்து அனுப்புங்க, போதும்.”

திலக்ஷனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நேற்று எடுத்த கோயில் படத்தைத் திறந்தான். முடியைக் காணோம். நிலக்ஷி பல்லைக் காட்டும் படத்திலும் இல்லை. வெறும் வானத்தை எடுத்த படத்தில்கூட இல்லை.

“வேணாங்கிறப்ப வந்து ஒட்டிச்சி. தேடுறப்ப எங்க போய் தொலஞ்சிச்சி?” என்று பல்லைக் கடித்தான்.

கடைசியில் ஒரு படத்தில் அகப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை எடுத்த இதே மலைதான். ஆனால் கமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்த அந்தப் படத்தில், கோடு வேறு ஒரு மூலையில் விழுந்திருந்தது. இதைச் சாட்சி என்று அனுப்பினால் சார் காறித் துப்புவார். மணி நாலரையைத் தாண்டிவிட்டது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“எடம் மாறிருச்சி. இனி என்னா சொன்னாலும் நம்ப மாட்டாங்க.”

கதவோடு போராடிக் களைத்த பிரியந்தி, குடத்தை வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். “எங்கங்க மாறியிருக்கு? ரெண்டுலயும் அந்த ஒத்த சவுக்கு மரத்துக்கு கீழதானே கெடக்கு.”

அவன் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினான். அவள் சொன்னது சரிதான். இரண்டிலும் கோடு மரத்தடியில்தான் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் அது இமை மயிர் அளவுதான் இருந்தது. நேற்றைய படத்தில், லயத்தின் முதல் வீட்டுக்கு மேலே தொடங்கி கடைசி வீட்டையும் தாண்டிப் போயிருந்தது. கழன்று விழுந்த முடி வளராது என்பது திலக்ஷனுக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பி, அசையாத வாசல் கதவைப் பார்த்தான்.

“என்னங்க, அனுப்பலயா? நேரம் போவுது.”

“புள்ளைய தூக்கு, பிரியந்தி. நம்ம மலை பொளந்து நிக்கிது.”